பொங்காயியின் மூக்கு

அவள் அரை எலுமிச்சம்பழத்தைப் பொங்காயி அம்மன் முகத்தில் பிழிந்தாள்.

கல் நுரைத்தது.

“பாத்தீங்களா சார்? ஆத்தா பொங்குறா. அத்தனை கோவம்.”

குகைக்குள் குனிந்து நின்ற அதிகாரி தலையாட்டினார். அவள் போட்ட மனுவுக்கு விசாரணைக்கு வந்தவர். குவாரி வெடியில் பொங்காயி தேய்கிறாள், மூக்கே போய்விட்டது, குவாரியை மூடுங்கள் என்று மூன்று வருடமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருந்தாள்.

கூடவே குவாரி மேனேஜரும் வந்திருந்தான். கூப்பிடாத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருகிற ஆள்.

அதிகாரி தரையில் கிடந்த ஒரு கல் சில்லை எடுத்தார். பையிலிருந்து சின்னக் குப்பி. சில்லின்மேல் ஒரு சொட்டு ஆசிட்.

நுரைத்தது.

அதே வெள்ளை நுரை. கொஞ்சம் அவசரமாக.

“சுண்ணாம்புக் கல்லும்மா,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “புளிப்பு பட்டா கரையும். எத்தனை வருசமா பிழியிறீங்க?”

இருபத்திரண்டு வருடம். வெள்ளி தவறாமல். மூக்கு தேயத் தொடங்கியதும், ஆத்தாளைக் குளிர்விக்க என்று செவ்வாயும் சேர்த்து.

குகைக் கூரையிலிருந்து ஒரு சுண்ணாம்புத் துளி சொட்டியது. இப்படிச் சொட்டிச் சொட்டித்தான் பொங்காயி இடுப்புயரம் வளர்ந்திருந்தாள்.

மேனேஜர் சிரித்தேவிட்டான்.

“அப்பறம் என்ன சார். வெடியால ஒண்ணுமில்லன்னு எழுதிடுங்க.”

அவன் பல்லைப் பார்த்து அவளுக்குப் பற்றி எரிந்தது. தன் கையைப் பார்த்து அதைவிட எரிந்தது. பாவி, ஊட்டி ஊட்டியே கொன்றிருக்கிறாயே.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“எழுதுங்க சார்,” என்றாள். “மூக்கு என் கையாலதான் போச்சு. மறைக்க மாட்டேன்.”

அவர் எழுதினார்.

வெளியே குவாரிச் சங்கு ஊதியது. நாலு மணி வெடிக்கு முதல் சங்கு.

மேனேஜர் குகைக் கூரையில் ஓடிய விரிசலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. வெடியால் ஒன்றுமில்லை என்றவன்தான் முதலில் ஓடினான். பின்னாலேயே அதிகாரி.

அவள் நகரவில்லை.

முந்தானையை நனைத்துப் பொங்காயியின் முகத்தைத் துடைத்தாள். துளிப் புளிப்பும் மிச்சமில்லாமல் துடைத்தாள். பிறகு தன் முதுகைக் கூரைக்குக் கொடுத்து, அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏம்மா, வெளிய வாம்மா!” என்று வெளியிலிருந்து அதிகாரி கத்தினார்.

வரவில்லை.

இரண்டாம் சங்கு ஊதியது.

வாசலில் மேனேஜர் போனில் அலறினான்.

“நிறுத்துங்கடா! பொம்பள உள்ள இருக்கா! வெடிச்சா குகையே வுழுந்துரும்டா!”

உள்ளிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது.

“இதையும் எழுதிக்குங்க சார்.”