தம்பியும் இளைஞர்தான்

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பதிவைப் பார்த்தவர்களின் எண் ஏறியது.

கீழே சிரிக்கும் முகங்கள். கோப முகங்கள். அழும் முகம் ஒன்றிரண்டு.

எதிர் மேசையிலிருந்து ஜெரால்டு எழுந்து வந்து பார்த்தார். பத்திரிகையின் இணையப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அவரையும் அவளையும் விட்டால் அந்தப் பிரிவில் இப்போது யாருமில்லை. மற்ற நாற்காலிகளில் பழைய இதழ்க் கட்டுகள் கிடந்தன.

"எவ்வளவு நாளாச்சு, நம்ம பேஜ் இப்படி ஏறி!"

காலையில் ஒரத்தநாட்டுச் செய்தியாளர் அனுப்பிய வரி வேறு.

தம்பியுடன் பைக்கில் சென்ற நர்ஸ் கால்வாயில் விழுந்து பலி.

இப்படிப் போட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்றார் ஜெரால்டு. ஒரு சொல்லை மாற்றினார். நடுவில் மூன்று புள்ளிகள் வைத்தார்.

இளைஞருடன் பைக்கில் சென்ற நர்ஸ்... கால்வாயில் நடந்தது என்ன?

"தம்பின்னு இருக்கே சார்."

"தம்பியும் இளைஞர்தானே? பொய்யா எழுதியிருக்கோம்?"

இல்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை.

பொத்தானை அழுத்தியது அவள்.

மதியம் ஜெரால்டு சாப்பிடப் போயிருந்தார். மேசைத் தொலைபேசி அடித்தது. அந்த எண்ணுக்கு இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை.

"நடந்தது என்னன்னு கேட்டிருந்தீங்க."

ஆண் குரல். சின்ன வயது. பின்னால் யாரோ ஒரு நோயாளியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

"சொல்றேன், எழுதிக்குங்க மேடம். அந்த இளைஞர் நான்தான்."

அவள் பேனாவைத் தொடவில்லை.

இரவு டியூட்டி முடிந்த அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றிக்கொண்டான். எப்போதும் அவன்தான் அழைத்துவருவான். கால்வாய்க் கரையில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தினான்.

"அக்கா பிடிச்சுக்கக்கூட இல்லைங்க. என் முதுகுல சாஞ்சு தூங்கிட்டிருந்துச்சு."

அவன் கரையில் விழுந்தான். அக்கா தண்ணீரில்.



"அம்மாகிட்ட யாரோ அதப் படிச்சுக் காட்டிட்டாங்க. வீட்டுப் பக்கம் சொந்தக்காரங்ககூட வரலையாம். நாளைக்குக் காலையில எடுக்குறோம். அத மட்டும் எடுத்துடுறீங்களா மேடம்?"

எடுத்தாள்.

அந்த இடத்தில் ஒரு திருத்தம் போட்டாள். உடன் சென்றவர் அவருடைய சொந்தத் தம்பி. வருந்துகிறோம்.

ஜெரால்டு திரும்பி வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கடையில பேப்பர் வாங்குறவங்க எத்தனை பேரும்மா? ஜனங்க செல்லுக்குள்ள இருக்காங்க. அதுக்குள்ள போக, இந்த ஆப் வச்சிருக்குற கம்பெனிக்காரன் வழி விடணும். இன்னைக்குத்தான் விட்டான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க திருத்தத்தை யாரு பார்ப்பா, சொல்லுங்க?"

யாரும் பார்க்கவில்லை. எண் ஏறவேயில்லை.

யாரோ படம் பிடித்துப் போட்ட பழைய பதிவு வேறு பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் பத்திரிகையின் பெயர் அப்படியே இருந்தது.

சாயங்காலம் விடுதிக்கு வந்தாள். பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போன பெண்ணின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

தன் சொந்தப் பெயரில் ஒவ்வொரு பக்கமாகப் போய் எழுதினாள்.

அவர் தம்பி. கூடப் பிறந்த தம்பி.

சிரிக்கும் முகங்கள் வந்தன.

உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். பேப்பரிலேயே வந்துவிட்டது, இனி என்ன என்று இன்னொருவர்.

அந்த அறையில் அன்றைக்கு அவள் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசுவதற்கு யாருமில்லை.

காலையில் ஆபீஸுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினாள். தஞ்சாவூரில் இறங்கி மாறினாள்.

ஒரத்தநாடு பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பசை இன்னும் காயவில்லை.

இறந்தவர் படம் மட்டும்தான் வழக்கமாக இருக்கும். இதில் இரண்டு பேர் இருந்தார்கள். பள்ளிச் சீருடையில் இரட்டைச் சடை போட்ட சிறுமி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பல் விழுந்த பையன்.

அக்கா கோகிலவாணி. தம்பி தமிழழகன்.

வருந்துவோர் பட்டியல் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு வரி.

ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.

பக்கத்து டீக்கடையில் அவள் டீ வாங்கிக்கொண்டு நின்றாள். பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பியாமே."

"இவங்க அப்படித்தான் ஒட்டுவாங்க. பேப்பர்காரன் விசாரிக்காமயா போடுவான்?"

டீயில் பாதி மிச்சமிருந்தது. கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நான் அந்தப் பேப்பர்லதான் வேலை பாக்குறேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"போஸ்டர்ல இருக்குறதுதான் நிஜம். நாங்க போட்டது தப்பு."

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு நின்றுவிட்டார்.

"அவங்க வீடு எந்தப் பக்கம்? எனக்கு வழி தெரியாது. நீங்களும் வர்றீங்களா?"



பெரியவர்களில் ஒருவர் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினார்.