குழிக்குள் சொன்ன பெயர்

தொற்றில் இறந்த அம்மாவைப் புதைக்கும் நேரத்தில், மகள் பிலோமினா அதே நோயோடு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். பயத்தில் உறவினர் யாரும் கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை. ஏட்டு முத்துக்கருப்பனும் ஜீப் டிரைவரும்தான் உடலைக் குழியில் இறக்கினார்கள். கவச உடைக்குள் வியர்வை வழிய, ஏட்டு செல்போனில் அவளுக்குக் குழியைக் காட்டினார்.

"ஒரு பிடி மண்ணு போடக்கூட எனக்குக் குடுத்து வைக்கல சார்."

அவர் போனை டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மண் அள்ளினார்.

"உங்க மக பிலோமினா போடுறாங்கம்மா" என்று குழியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் போட்டார்.

மண் விழுந்தது அவளுக்கும் கேட்டது. வெகுநேரம் அழுதாள். ஏட்டு வெயிலில் காத்து நின்றார்.

"வேற யார் பேரச் சொல்லியாவது போடணுமாம்மா?"

"உங்க பேரச் சொல்லி ஒரு பிடி போடுங்கண்ணே" என்றாள்.