நாற்பத்தொரு பூச்சட்டிகள்

“இவ்ளோ லேட்டா வந்தா எப்படி அண்ணே? வெயில் ஏறிடுச்சி பாருங்க. லாரியை ரிவர்ஸ் எடுத்து வாசல்கிட்ட விடுங்க.”

லாரியிலிருந்து இறங்கிய சன்னாசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விழித்தார். வாசலில் மயிலம்மாள் நின்றிருந்தார். அவரைச் சுற்றிலும் செடி வைத்த பூச்சட்டிகள்.

சன்னாசி வந்தது வேறு காரியத்துக்கு. அவர் மகன் புனிதனும் மயிலம்மாளின் மகள் சிந்துஜாவும் சுங்கை காடுட் டவுனில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். இரண்டு வருடக் காதல். “லாரிக்காரங்களுக்கு எதையும் தூக்கிப் போட்டுத்தான் பழக்கம். அந்த வீட்டுக்கா என் மகளைக் குடுப்பேன்?” என்று மயிலம்மாள் மூன்று முறை மறுத்துவிட்டார். பெரியவர்கள் இருவரும் இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

இன்று அவர் எஸ்டேட் வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு, நேரில் பார்த்துப் பேசிவிடலாமென்று தன் ஊரான சுவாவிலிருந்து கிளம்பி வந்திருந்தார் சன்னாசி. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதனால்தான் தொழிலுக்கு ஓட்டும் லாரி.

“இல்லம்மா, நான் வந்து...”

“வந்தது தெரியுது. இந்தப் பழைய கைலியெல்லாம் பிடிங்க. சட்டிக்கும் சட்டிக்கும் நடுவுல திணிக்கணும்.”

இப்போது உண்மையைச் சொன்னால் வந்த வழியே போகச் சொல்லிவிடுவார். வேலையை முடித்துவிட்டு, மனசு குளிர்ந்த நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று சன்னாசி சட்டைக் கையை மடித்தார்.

வீட்டுச் சாமானெல்லாம் முதல் நாளே போயிருந்தது. மிச்சம் நாற்பத்தொரு சட்டி. ரோஜாக் கிளைகளைத் துணியால் சேர்த்துக் கட்ட வேண்டும். மணி பிளாண்ட் கொடியைச் சுருட்டி, ஈர நியூஸ் பேப்பரில் பொதிய வேண்டும். கற்றாழைக்கு மீன் கடைத் தெர்மாக்கோல் பெட்டி.

“விளிம்பைப் பிடிச்சித் தூக்காதீங்க அண்ணே. அடியில கை குடுங்க, புள்ளையைத் தூக்குற மாதிரி.”

இருபதாவது சட்டியின்போது மயிலம்மாளின் கைப்பேசி அடித்தது. “வேணாம் தம்பி, வேணாம். நீங்க வர வேண்டியதில்ல” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த நேரத்தில் சன்னாசி முதுகை ஒருமுறை நிமிர்த்திக்கொண்டார்.

கடைசியாக ஆர்க்கிட் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மயிலம்மாள் முன்சீட்டில் ஏறினார். செம்மண் ரோட்டில் லாரி கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்ந்தது.

“உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன அண்ணே. என் மக ஒருத்தனை விரும்புறா. அவன் அப்பாவும் லாரிதான் ஓட்டுறாராம். நல்லாக் குடிப்பாராமே?”

“அதெல்லாம் விட்டு ஒம்போது வருஷமாச்சும்மா!”

சொன்ன பிறகுதான் சன்னாசி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது... லாரிக்காரங்களுக்குள்ள பேசிக்குவோம்லா.”

“அவரு சம்சாரம் எப்படி? மருமகளை நல்லா வச்சிக்குவாங்களா?”

சன்னாசிக்கு வியர்த்தது. “வாய் கொஞ்சம் அதிகம். ஆனா மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டா... மாட்டாங்க.”

“பையன்?”

“தங்கமான பையன்மா. காலையில எழுப்புறதுக்குத்தான் நாலு தடவை கத்தணும்.”

“இதையும் லாரிக்காரங்க பேசிக்குவீங்களா?”

“ஆமாம்மா. ஜாம்ல நிக்கும்போது... வேற என்ன பேசுறது?”

மயிலம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம்தான் என்று சன்னாசி முடிவு செய்தார். மகன் கல்யாணம் அந்த ஜன்னல் வழியாகவே பறந்து போவதுபோல் இருந்தது.

சுங்கை காடுட் முச்சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. சன்னாசி பிரேக்கை மிதித்தார். அவருடைய இடது கை தானாக நீண்டு ஆர்க்கிட் சட்டியைத் தாங்கிப் பிடித்தது. அவர் நெற்றிதான் ஸ்டீயரிங்கில் இடித்தது.

புதுவீட்டில், வெயில் வேண்டிய செடிகளை முன்னாலும் நிழல் வேண்டியதைப் பின்னாலும் இறக்கி முடித்தபோது மணி இரண்டு. வெள்ளைச் சட்டை செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. மயிலம்மாள் இரண்டு முறை எண்ணினார். நாற்பத்தொன்று. ஒரு கிளை முறியவில்லை.

காப்பியும் தலைவலித் தைலமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. சன்னாசி எழுந்து நின்றார்.

“அம்மா, நான் லாரிக்காரன் இல்ல. லாரிக்காரன்தான்... ஆனா நீங்க வரச் சொன்ன லாரிக்காரன் இல்ல. நான் புனிதனோட அப்பா. ஏமாத்தணும்னு நினைக்கலம்மா, சொல்ல நேரம் கிடைக்கல.”

தண்ணீர் சத்தம் நின்றது. திட்டு வாங்கத் தயாராகச் சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார்.

மயிலம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஜாவில் கட்டியிருந்த துணியை நிதானமாக அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

“முன்னப்பின்ன தெரியாத ஆளு கையிலயா என் செடியைக் குடுப்பேன், சம்பந்தி?”