நிறையாத குழி

சமயநல்லூருக்கு மேற்கே, இரண்டு வருசம் முன்புவரை சோளக்காடாயிருந்த பொட்டலில், சுண்ணாம்பு அடித்த மனைக்கற்கள் உச்சிவெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. மனை வாங்குமுன் முழங்கை ஆழம் தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டால் மிஞ்ச வேண்டும். குறைந்தால் அந்த மனை ஆகாது. உசிலம்பட்டிக் காட்டை விற்றுவிட்டு வந்திருக்கும் அன்னக்கொடி குழியோரம் குத்தவைத்திருக்கிறாள். புருசன் முத்திருளன் கடைசி மண்ணையும் வழித்துத் தள்ளிவிட்டான். குழி பாதிதான் நிறைந்திருக்கிறது. தரகர் வெள்ளைத்துரை சிரித்துக்கொண்டே பக்கத்து மனையிலிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளிக் கொட்டுகிறார். மண் விழும் சத்தமே இல்லை. குழி அப்படியே கிடக்கிறது. "இளகின மண்ணு தங்கச்சி, ஒரு மழை பெஞ்சா சரியாயிரும். அந்தா, அவுக போன தையிலதான் புள்ளகுட்டியோட குடிவந்தாக" என்று பொட்டலின் ஒரே வீட்டைக் காட்டுகிறார். கூப்பிடு தூரத்தில், அதன் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் கொடியில் ஒற்றைச் சேலை அசையாமல் தொங்குகிறது. வீட்டுக்குள் அரவமில்லை. "அக்கா, உங்க மனையில குழி நெறஞ்சுச்சா?" என்று அன்னக்கொடி கேட்கிறாள். "மொதல்ல நெறயலத்தா" என்கிறாள் அவள், முத்திருளனையே பார்த்தபடி. "வீட்டுல ஒவ்வொருத்தரா போகப்போகத்தான் நெறஞ்சுச்சு."