கவுன் இன்னைக்கே வேணும்

நோட்டு எண்ணும் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு அந்த ஐநூறு ரூபாயை வெளியே தள்ளியது. ஸ்மைலின் சட்டென்று அட்டைப்பெட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

“நான் அப்பவே நெனச்சேன்” என்று கல்லாவில் இருந்த ஷைஜா தோழியின் காதோரம் முணுமுணுத்தாள்.

எதிரே நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். “நல்ல பைசாதான் மோளே. ஒருக்கா கூட போட்டுப் பாரு” என்றார்.

தக்கலையில் ஷைஜா வேலை பார்க்கும் இந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு அவரை வரச் சொன்னது ஸ்மைலின்தான். போன வருஷம் அவள் அண்ணன் பிரபின் பழைய கேமராவை ஃபோனில் ஏலம் விடும் ஓர் ஆப்பில் விற்று, பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பணம் வாங்கினான். பாதி கள்ளநோட்டு. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் தங்கைக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: “ஆளு கூட்டம் உள்ள எடத்துல வச்சு வாங்கு. மெஷின்ல போட்ட பெறவுதான் சாதனத்தக் குடுக்கணும். அவசரம் காட்டுகவன நம்பவே நம்பாத, கேட்டியா?”

அவள் விற்க வந்தது தன்னுடைய கல்யாண கவுனை. ஒரே ஒரு நாள் போட்டது. மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேறொரு குடும்பம் இருப்பது தெரிந்து, எட்டே மாதத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது வெள்ளைவெளேரென்று கண்ணைக் குத்தியது. போய்த் தொலையட்டும் என்று அதே ஆப்பில் ஏலத்தில் போட்டாள்.

நாலாயிரத்தில் தொடங்கிய ஏலம் நூறு நூறாக நகர்ந்தது. கேட்டவர்கள் எல்லாரும் இடுப்பளவு என்ன, பிடித்துத் தைக்க முடியுமா என்றே விசாரித்தார்கள். இன்று காலையில் இந்த யோவான் ஒரேயடியாக ஒன்பதாயிரத்துக்கு ஏற்றிவிட்டு ஃபோனில் கூப்பிட்டார். அளவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கை நீளமா இருக்குமா மோளே? முதுகுப்பக்கம் முழுசாத் தொறக்குமா?”

“ரெண்டும் உண்டு மாமா.”

“அப்ப இன்னைக்கே வேணும். ரொக்கமாத் தாறேன்.”

ஷைஜா நோட்டை மறுபடியும் போட்டாள். மெஷின் மறுபடியும் கத்தியது. மேனேஜரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். யோவான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேரம் ஆவுது மோளே...”

“ஜிபே பண்ணிருங்களேன் மாமா” என்றாள் ஸ்மைலின்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது. மோளுதான் செய்து தருவா.”

“அவளயும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. போட்டுப் பாத்திருப்பா.”

“அவ வீட்டுல கெடக்கா.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணை யார் வெளியே விடுவார்கள் என்று ஸ்மைலின் நினைத்துக்கொண்டாள். “நாளைக்கா கல்யாணம்? இவ்வளவு கடைசில கவுன் தேடுகியளே?”

“தைக்கக் குடுத்தது இன்னும் ஆவல்ல. ஞாயித்துக்கெழம, கடையும் எல்லாம் அடச்சிருக்கு.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேனேஜர் வந்தார். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடங்கியிருந்த மூலையை நகத்தால் நீவிவிட்டு மெஷினில் வைத்தார். சத்தமில்லாமல் உள்ளே போனது. “நல்ல நோட்டுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஷைஜா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

ஸ்மைலின் பெட்டியை நகர்த்தினாள். யோவான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஆட்டோவை நோக்கி வேகமாக நடந்தார்.

பணம் பத்திரமாகக் கைக்கு வந்துவிட்டது. பிரபின் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆனாலும் முகம் தெரியாத ஒரு பெண், தான் நின்றதுபோலவே அந்த கவுனில் சிரித்துக்கொண்டு சர்ச்சில் ஆல்டர் முன்னால் நிற்பது கண்ணில் வந்தது. வாழாவெட்டியாய் வந்தவளின் உடுப்பு அது. பெற்ற அப்பனிடம் அதை மறைக்கலாமா?

ஓடிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, ஒரு காரியம் செல்லணும். கோவப்படாதிய. இது எனக்க கல்யாணத்துக்குப் போட்டது. அந்தக் கல்யாணம் நெலைக்கல. எட்டு மாசத்துல திரும்பி வந்துட்டேன்.” மூச்சு வாங்கியது. நோட்டுகளை அவர் மடியில் வைத்தாள். “இது ஒங்க மோளுக்கு வேண்டாம் மாமா. அவளாவது நல்லா வாழணும். வேற எடுத்துக் குடுங்க.”

யோவான் நோட்டுகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

“நாலு மணிக்கு அவளுக்கு அடக்கம், மக்கா.”