இடது பக்கக் கண்ணாடி

"லைன்ல லீக்கே இல்லீங்க அண்ணா" என்று கிருஷ்ணப்பன் சொன்னதும் பெரியநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி விஷயத்தில் அவரிடம் கதை விட முடியாது.

"லீக் இல்லாம கேஸ் எங்கப்பா போச்சு? நான் குடிச்சிட்டனா?"

அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில் இருக்கும் அந்த ஏசி கடைக்கு இந்தக் கோடையில் எத்தனை முறை வந்தார் என்று இருவருக்குமே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் கிருஷ்ணப்பன் கேஸ் ஏற்றுவான். கார் ஜில்லென்று வீடு போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினால் மட்டும் அனல்காற்று வீசும்.

கார் பழசு. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்றி இறக்க வேண்டும். அதற்குப் போய் ஏசி வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதற்கு வெயில் காரணமில்லை.

பாலக்கோடு காரணம்.

சொந்த ஊர் மாதா கோயிலுக்குப் பாலக்கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மகள் அனிஷா குடியிருக்கிறாள், மாயவனைக் கட்டிக்கொண்டு. வேற்று மதத்துப் பையனோடு அவள் போன அன்றே, இனி இந்த வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மனைவி ஞானமேரி வாயைத் திறக்கவில்லை. பிறகு குழந்தை பிறந்ததாகக் காதில் விழுந்தது. ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவோமோ என்று பயந்து பல ராத்திரி புரண்டு படுத்திருக்கிறார், அது வேறு விஷயம்.

ஏசி ஓடினால் கண்ணாடியை ஏற்றிவிடலாம். கேட் போட்டிருந்தாலும் நேரே தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து, திறந்ததும் போய்விடலாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வீம்புக்கு ஏசி போட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

கிருஷ்ணப்பனும் சளைத்தவன் இல்லை. நேற்றே வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, குழாய்களில் நைட்ரஜனை அடைத்து, இணைப்பு ஒன்று விடாமல் சோப்பு நுரை தடவிப் பார்த்திருந்தான். ஒரு குமிழி கிளம்பவில்லை. காலையில் வந்து பார்த்தால் மீட்டர் முள் வைத்த இடத்திலேயே நின்றிருந்தது.

"போன தடவ கேஸ்ல சாயம் கலந்து வுட்டிருக்கறேன். லைட் அடிச்சா கசிஞ்ச இடம் பச்சையா மின்னும்" என்று ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, நீல விளக்கைப் பானெட்டுக்குள் காட்டினான்.

ஒரே இடத்தில்தான் மின்னியது. கேஸ் ஏற்றுகிற வால்வில். மூடிக்குள்ளே, சைக்கிள் ட்யூபில் இருப்பது மாதிரி ஒரு சின்ன ஊசி.

"இது தானா போவலீங்க. யாரோ மூடியக் கழட்டி ஊசிய அமுக்கி வுட்டிருக்காங்க."

எதிர்வீட்டுக்காரன்தான் என்று பெரியநாயகம் அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டார். வண்டி நிறுத்துகிற தகராறில் முறைத்துக்கொண்டு திரிகிறவன். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று விளக்கைப் பிடுங்கி அவரே தேட ஆரம்பித்தார்.

பானெட் விளிம்பில் பச்சையாக ஒரு விரல் தீற்றல்.

அடுத்தது இடது பக்கக் கதவின் கைப்பிடியில்.

கதவைத் திறந்தார். உள்ளே கண்ணாடியைச் சுற்றி இறக்குகிற பிடி பளபளவென்று பச்சையாக மின்னியது.

அந்த சீட்டில் உட்காருகிற ஆள் ஒருத்திதான். கேஸ் ஏற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, இந்த மூடி எதற்கு, அந்த மூடி எதற்கு என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது ஞாபகம் வந்தது. பொம்பளைக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் சிரித்திருந்தார்.

கிருஷ்ணப்பனுக்கும் புரிந்துவிட்டது. கீழே கிடந்த ஸ்பேனரை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

"நாந்தான் மூடிய சரியா போடலீங்க போல."

பெரியநாயகம் கதவைச் சாத்தினார். விளக்கு கையில் எரிந்தபடியே இருந்தது.

கதவின் வெளிப்பக்கம், கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, இன்னும் கொஞ்சம் பச்சை. மங்கலாக, சின்னச் சின்னதாக நாலு விரல்.

அதன் பக்கத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட் போட்டிருந்தது. புழுக்கம் தாங்காமல் ஞானமேரி கண்ணாடியை இறக்கியிருந்தாள். ஒரு பெண் குழந்தை ஓடி வந்து, அவள் வெளியே நீட்டியிருந்த விரல்களைப் பிடித்து ஆட்டிவிட்டு, அந்தக் கதவைப் பிடித்து எக்கி நின்றது. அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. பிச்சைக்கு என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டி, "போ, அந்தாண்ட போ" என்றார்.

குழந்தை காசைத் தொடாமல் ஞானமேரியைப் பார்த்தது.

"வாங்கிக்க சாமி, தாத்தா குடுக்கறாரு" என்றாள் அவள்.

ஊரில் எல்லோரும் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்வதுதானே என்று அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட் திறந்ததும், "தூசி வருது, கண்ணாடிய ஏத்து" என்றார்.

குழந்தை கையை எடுக்கும்வரை ஞானமேரி ஏற்றவில்லை.