மீத்தேனுக்கு ஒரு ஓட்டு

"அப்போ, தோத்துடும்னு சொல்றியா?"

கேட்டவர் வெண்டல் கிராடி, மேற்கு டெக்சாஸ் எம்.பி. தட்டில் இருந்த சாண்ட்விச்சைத் தொடவே இல்லை. காலையிலிருந்து வாஷிங்டன் அலுவலகத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"தோக்க விடமாட்டேன் சார்," என்றாள் அவருடைய உதவியாளர் மார்லீன். "நமக்கு இருநூத்துப் பதினாலு. அவங்களுக்கு இருநூத்துப் பதினஞ்சு. ஒரே ஒரு ஆளை இழுத்தாப் போதும். செனட்டுல போன வாரமே நிறைவேறிடுச்சு. இன்னைக்கு நம்ம சபையிலயும் தாண்டிட்டா கட்டணத்துக்குக் கருமாதிதான்."

எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள் தங்கள் கிணறுகளிலிருந்து கசியவிடும் மீத்தேனுக்கு, டன்னுக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் அது. அதை ஒழிக்க கிராடி மூன்று முறை மசோதா கொண்டுவந்தார். மூன்று முறையும் மண்ணைக் கவ்வினார். இது நாலாவது. ஆனால் ஊரில் மேடை ஏறி, "இன்னைக்குக் காத்துக்குக் காசு கேக்கறான். நாளைக்கு உங்க மாடு ஏப்பம் விட்டா அதுக்கும் ரசீது நீட்டுவான்" என்று ஆரம்பித்தாரானால், விசில் அடங்கப் பத்து நிமிடம் ஆகும்.

மார்லீனின் அப்பா எண்ணெய் வயலில் முப்பது வருடம் பம்ப் பார்த்தவர். அந்தப் பேச்சில் மயங்கித்தான் அவள் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இவரிடம் வந்து சேர்ந்திருந்தாள்.

"யாரை இழுக்கலாம்னு நினைக்கறே?"

"ஒஹாயோ எம்.பி. பென்ரோஸை."

கிராடி சட்டென்று நின்றார். "அவனை விட்டுடும்மா. நேத்து நானே ஒரு மணி நேரம் பேசிட்டேன். வேற யாரையாவது பாரு. அவன்கிட்ட நீ போய் அவமானப்பட வேணாம்."

மனுஷர் இந்த நிலைமையிலும் என் மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று மார்லீனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதனாலேயே நேராக பென்ரோஸைத் தேடிப் போனாள். லிஃப்டில் பிடித்தாள்.

"உங்க பாஸ் பேசினதைக் கேட்ட பிறகுதாம்மா, எதிர்த்துப் போடறதுன்னு முடிவே பண்ணேன்," என்றார் பென்ரோஸ்.

"கோபம் வந்தா அவருக்கு வார்த்தை தடிச்சுடும் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

"கோபமா? ரொம்ப நயமால்ல பேசினாரு?"

"உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க சார்."

பென்ரோஸ் லிஃப்டின் கூரையைப் பார்த்தார். "ஜனாதிபதி மசோதாவுல கையெழுத்துப் போடறப்போ எல்லாம் என்னைப் பின்வரிசையிலதான் நிறுத்தறாங்க. டிவில பாதி மண்டைதான் தெரியுது. பெண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா."

"முன்வரிசை. ஜனாதிபதிக்கு வலது பக்கம். அது எங்க சார் நிக்க வேண்டிய இடம். உங்களுக்கு வாங்கித் தர்றது என் பொறுப்பு."

லிஃப்ட் கதவு திறந்தது. பென்ரோஸின் மனசும்.

மாலையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு இருநூற்றுப் பதினைந்து, எதிர்ப்பு இருநூற்றுப் பதினான்கு. கிராடி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்கள் கலங்கியிருந்தன. ஆனந்தக் கண்ணீர் என்று சுற்றி இருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். மார்லீன் அப்பாவுக்கு போன் போட்டு, பேச வராமல் அழுதாள்.

அலுவலகம் முழுக்கக் கம்பெனிக்காரர்கள். தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். விஸ்கி தீர்ந்ததும் கிளம்பினார்கள். கடைசி ஆள் போனதும் கிராடி கதவைச் சாத்தினார்.

"பென்ரோஸை யாரு மாத்தினது?"

"நான்தான் சார்." பாராட்டு வாங்கிக்கொள்ள மார்லீன் நிமிர்ந்து நின்றாள்.

கிராடி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேம்மா, எதிர்த்துப் போடுடான்னு. இந்தக் கட்டணமே இல்லேன்னா நவம்பர்ல நான் எதைச் சொல்லி ஓட்டுக் கேக்கறது? எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பேச்சுதானே."

கிராடி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஆனது ஆச்சு. உக்காந்து ஒரு புது மசோதா எழுது. மீத்தேனுக்குக் கட்டணம், இந்தத் தடவை ரெண்டு மடங்கா. கொண்டு வர்றது பென்ரோஸ், எதிர்க்கறது நான்."